ட்வெல்வ் ஆங்கிரி மென்: வழக்கறிஞர் கேட்காத கேள்விகள்

சிட்னி லுமெட் இயக்கி 1957இல் வெளிவந்த ‘ட்வெல்வ் ஆங்கிரி மென்’ திரைப்படத்தை அமெரிக்க ஜூரி முறையின் பெருமையாகவே பலரும் காண்கின்றனர். படம் காட்டுவது அதை மட்டுமன்று. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் 18 வயது இளைஞன். குற்றவாளி எனத் தீர்ப்பானால் மின்நாற்காலி. நீதிமன்றம் அமர்த்திய வழக்கறிஞருக்கோ வழக்கில் அக்கறையில்லை. விந்தி நடக்கும் முதியவர் 15 விநாடியில் கதவை எட்டியிருக்க முடியுமா? பெண் சாட்சியின் மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் எப்படி வந்தது? குறுக்கு விசாரணையில் கேட்டிருக்க வேண்டியவை இவை. சாட்சிகளை எதிர்கொள்ளவும் வழக்கறிஞர் துணை பெறவும் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் உரிமை தருகிறது. அந்த உரிமை இருந்தும், கேள்விகள் பூட்டிய ஜூரி அறைக்குள்தான் எழுகின்றன.

ஹென்றி ஃபோண்டா நடித்த 8ஆம் ஜூரர், கொலைக் கத்தியைப் போன்ற இன்னொன்றை ஆறு டாலருக்கு வாங்கிவந்து மேசையில் குத்தி நிறுத்தும் காட்சி புகழ்பெற்றது. ஜூரர் வெளியே போய்த் தாமே சான்று தேடுவது விதிமீறல்; தெரியவந்தால் விசாரணையே செல்லாமல் போகலாம். படம் இதைப் பொருட்படுத்தாதது குறையே.

அவன் கொன்றானா என்பதை மட்டும் படம் கடைசிவரை சொல்வதில்லை. நியாயமான ஐயமிருந்தால் விடுவிக்க வேண்டும் என்பதே சட்டம். அந்த மௌனம் சரியானது. இத்தனை பேச்சுக்கும் காரணமான அவனது முகம் தொடக்கத்தில் சில விநாடிகளே தெரிகிறது. பெயர்கூடச் சொல்லப்படுவதில்லை.