கொடையும் உரிமையும்: திறந்த மூலச் செருகுநிரல்களின் பொருளாதாரம் பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஆக்கத்தை மதிப்பிடுமிடத்து, அது எத்தகைய உழைப்பு உறவுகளின் அடியாகத் தோன்றியது என்பதையும் நோக்குதல் வேண்டுமென எமது முற்போக்குத் திறனாய்வு வலியுறுத்தி வந்துள்ளது. கவிதைக்கும் நாவலுக்கும் நாம் கையாளும் இவ்வளவுகோலை மென்பொருளுக்குப் பிரயோகிப்பதில் இன்னும் தயக்கங் காட்டுகிறோம். வேர்ட்பிரஸ் என்னும் திறந்த மூல மென்பொருளையும் அதனைச் சார்ந்து வளர்ந்த செருகுநிரல்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவற்றைப் பேணுவோர்க்கு நியாயம் கிடைக்கும் வழி யாது என்பதை ஈண்டு ஆராய முற்படுவோம்.

2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை இயக்குகிறது. 2004இல் அறிமுகமான செருகுநிரல்கள், மூலநிரலைத் திருத்தாமலே அதற்குப் புதிய தொழிற்பாடுகளைச் சேர்ப்பன. பல்லாயிரம் செருகுநிரல்கள் பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றுக்குரிய பொது உரிமம் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் விற்கவும் இடமளிக்கிறது. கைம்மாறு செய்யுமாறு எவரையும் பணிப்பதில்லை. இச்சுதந்திரம் போற்றத்தக்கதே. ஆயின், படியெடுப்பதால் நிரல் குறைவதில்லை. அதனைப் பேணுபவரின் நேரமே குறைகிறது. புதிய பதிப்புக்கேற்ப மாற்றுதல், பாதுகாப்புக் குறைகளைக் களைதல், ஐயங்களுக்கு விடையிறுத்தல் யாவும் முடிவற்ற உழைப்பாகும். இவ்வுழைப்புக்கு ஈடில்லாதவிடத்து நிரலை விற்றுவிடுவதும் ஒரு வழியாகிறது. அதன் விளைவு எத்தகையதாகலாம் என்பதை 2017இல் கண்டோம். ஏறத்தாழ 200,000 தளங்களில் இயங்கிய டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்னும் செருகுநிரல் கைமாறியபின், அதனுள் தீய நிரல் புகுத்தப்பட்டமை தெரியவந்து, அது களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது.

வேர்ட்பிரஸ்ஸின் நிறுவுநர்களுள் ஒருவரும் ஒட்டோமற்றிக் கம்பனியின் தலைவருமான மற் முலன்வெக், 2014இல் 'எதிர்காலத்துக்கு ஐந்து' என்ற திட்டத்தை முன்வைத்தார். வேர்ட்பிரஸ்ஸால் வளம்பெறும் நிறுவனங்கள் தம் ஆளணியில் 5 சதவீதத்தினரை மூலத்திட்டத்தின் பணிக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது அதன் சாரம். உழைப்பையே அளவுகோலாகக் கொண்டமை அதன் சிறப்பு எனலாம். எனினும் இரு குறைபாடுகள் உள. முதலாவது, அது கொடையாளியின் நல்லெண்ணத்தை நம்பியது. கொடுப்பவனைப் புகழும் மொழியிலே உழைத்தவனின் உரிமை மறைந்துவிடுகிறது. இரண்டாவது, மூலத்திட்டமே அதன் மையமாதலின், தனித்து உழைக்கும் செருகுநிரலாக்குநர் பெரிதும் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

அவ்வாறாயின், கொடையைக் கட்டாயக் கடமையாக மாற்றினாற் போதுமா? 2024ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கன. வலைத்தளங்களுக்கு இடமளித்து வருவாய் பெறும் டபிள்யு.பி. எஞ்ஜின் என்னும் கம்பனி, பெற்ற அளவுக்குத் திருப்பி அளிக்கவில்லை என முலன்வெக் செப்டெம்பரிற் பகிரங்கமாகக் கண்டித்தார். வர்த்தகச் சின்னத்தின் பேரில் அதன் மொத்த வருவாயில் 8 சதவீதம் பணமாகவோ உழைப்பாகவோ கோரப்பட்டது. அக்கோரிக்கை ஏற்கப்படாத நிலையிற் பொதுக் களஞ்சியம் அக்கம்பனிக்கு அடைக்கப்பட்டது. ஒக்டோபர் 2இல் அது வழக்குத் தொடுத்தது. ஒக்டோபர் 12இல், அக்கம்பனிக்கு உரியதும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இயங்கியதுமான அட்வான்ஸ்ட் கஸ்டம் பீல்ட்ஸ் என்னும் செருகுநிரலின் களஞ்சிய இடம் கைப்பற்றப்பட்டு, வேறு பெயரில் ஒரு நிரல் அங்கு வைக்கப்பட்டது. டிசெம்பர் 10இல் கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் முன்னைய நிலையை மீட்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

முலன்வெக்கின் கண்டனத்தை நாம் முற்றாக ஒதுக்கிவிடுவதற்கில்லை. உழைப்பு ஓரிடத்தும் இலாபம் வேறோரிடத்தும் குவிதல் இத்துறையின் அடிப்படை முரண்பாடாகும். ஆனால், பொதுச்சொத்தெனப் பலரும் நம்பியிருந்த களஞ்சியம் தனியொருவரின் கட்டுப்பாட்டில் இருந்தமையையும் இப்பிணக்கு வெளிப்படுத்தியது. அதனைத் தம் ஆக்கங்களால் நிரப்பிய ஆயிரக்கணக்கானோர்க்கு இதில் எவ்வித வாக்கும் இருக்கவில்லை. பங்கு கோருபவரும் தண்டனை விதிப்பவரும் போட்டி வணிகரும் ஒருவரேயாயின், அப்பங்கு எத்துணை சிறிதாயினும் நியாயமானதாகாது.

பொதுவளங்கள் பற்றி எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் வெளியிட்ட நூல் இவ்விடத்து எமக்குத் துணைசெய்கிறது. விதிகளாற் பாதிக்கப்படுவோர் அவற்றை மாற்றியமைப்பதிற் பங்குபெறுதல், நிலைத்து நின்ற பொதுவளங்களில் அவர் கண்ட நெறிகளுள் ஒன்றாகும். அவர் ஆராய்ந்த தோல்விகளுள் எமது நாட்டின் தென்கரையிலுள்ள மாவெல்லக் கரைவலைத் தொழிலும் இடம்பெறுகிறது. அங்கு வலைகளை முறைவைத்து வளைக்கும் ஒழுங்கு இருந்தது. எனினும் புதிய வலைகள் பெருகுவதைத் தடுக்கும் அதிகாரம் மீனவரிடம் நிலைபெறாமையால் வருவாய் தேய்ந்தது. மென்பொருள் மீனைப் போல் அள்ளுந்தோறும் குறைவதன்று. ஆயினும், பங்கீட்டு ஒழுங்கோடு அதிகாரமும் உழைப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

எனவே, வேர்ட்பிரஸ்ஸால் வருவாய் ஈட்டும் கம்பனிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட அளவுத்திட்டத்தின்படி ஒரு பொதுநிதிக்குப் பங்களித்தல் வேண்டும். அந்நிதியும் களஞ்சியமும் ஆக்குநர், மொழிபெயர்ப்பாளர், பயன்படுத்துநர் ஆகியோரால் தெரிவுசெய்யப்படும் சபையின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். இது வெறுங் கற்பனையன்று. டெபியன் என்னும் திறந்த மூலத் திட்டம் 1998இல் தனக்கென ஓர் அமைப்புவிதியை வகுத்துக்கொண்டு, தன் தலைவரை உறுப்பினரின் வாக்கால் ஆண்டுதோறும் தெரிவுசெய்து வருகிறது. வேர்ட்பிரஸ்ஸின் தமிழ் வடிவமும் தன்னார்வலரின் உழைப்பால் உருவானதே. அவ்வடிவத்தைப் பயன்படுத்தும் எமக்கு, அவ்வுழைப்பாளரின் உரிமை பற்றிப் பேசும் கடப்பாடும் உண்டு.