விசாரணையும் விசாரித்தலும்

கடந்த சில மாதங்களில் நான்கு நாவல்களை அடுத்தடுத்து வாசித்தேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', பூமணியின் 'வெக்கை', இமையத்தின் 'செல்லாத பணம்'. முதல் மூன்றும் மறுவாசிப்பு. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒன்று துப்பறியும் கதை, ஒன்று அரசியல் நாவல், ஒன்று கரிசல் நாவல், ஒன்று குடும்பக் கதை. நம் சிறுபத்திரிகைகளும் இந்த அலமாரி அடுக்கைக் கலைக்காமல் காப்பாற்றித்தான் வந்திருக்கின்றன. மேல் தட்டில் இலக்கியம், கீழ்த் தட்டில் வணிக எழுத்து.

எனக்கு அந்தக் கோடு வேறு இடத்தில் விழுகிறது. நான்கிலும் சாவு இருக்கிறது. செத்தவரைப் பற்றி யார், யாரிடம், என்ன குரலில் கேட்கிறார்கள் என்று பார்த்தால் அடுக்கு மாறிவிடுகிறது.

'விசாரிப்பது' என்கிற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாசல். போலீஸ் விசாரிக்கும். எழவு வீட்டுக்குப் போகிறவர்களும் துக்கம் விசாரிப்பார்கள். முதல் வாசலில் கேட்கிறவன் கையில் அதிகாரம். பதில் கிடைத்ததும் கோப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடுவான். இரண்டாவதில் கேட்கிறவர் தரையில் உட்காருகிறார். பதில் அவருக்கு முன்பே தெரியும். இருந்தும் கேட்கிறார், சொல்கிறவர்கள் சொல்லி அழட்டும் என்று.

'கொலையுதிர் காலம்' 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. வேகத்துக்கு இன்றும் குறைவில்லை. கணேஷும் வசந்தும் பேசிக்கொள்கிற நான்கு வரியில் ஒரு அறையே கண்முன் வந்துவிடுகிறது. சும்மா தள்ளிவிடக்கூடிய எழுத்தா இது? துப்பறியும் கதைக்கும் வாசகனுக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு: உண்மை ஒளிந்திருக்கிறது, புத்திசாலி ஒருவன் அதை வெளியே கொண்டுவருவான். பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியை முழுக்கத் தீர்க்காமல் விட்டு சுஜாதா அந்த ஒப்பந்தத்தையே கொஞ்சம் மீறுகிறார். வகைமைக்குள் நின்று செய்த நல்ல கலகம் அது. ஆனால் திறந்து கிடப்பது 'எப்படி நடந்தது' என்ற கேள்விதான். செத்தவர்கள் தடயங்களாகிப் போகிறார்கள். அவர்களுக்காக யாரும் ஒரு வேளை சோறு தள்ளுவதில்லை.

இதைக் கீழ்த் தட்டின் குறை என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா? மேல் தட்டில் இருக்கிற 'குருதிப்புனலை' எடுத்துக்கொள்வோம். 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதைப் பின்புலமாகக் கொண்டது. கூலிக்காகவும் செங்கொடிக்காகவும் நடந்த போராட்டத்தின் மேல் விழுந்த தீ அது. நாவலோ கண்ணையா நாயுடுவின் ஆண்மையின்மைக்குள் புகுந்துகொள்கிறது. இடதுசாரிகள் அப்போதே இதைக் கண்டித்தார்கள். வர்க்கத்தை மறைத்துவிட்டார் என்பது அவர்கள் புகார். நான் இதை வகைமைப் பிரச்சினையாகவும் பார்க்கிறேன். குற்றம் என்றால் அதற்கு அந்தரங்கமான ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது துப்பறியும் கதையின் பழக்கம். அது சத்தமில்லாமல் அரசியல் நாவலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாயுடுவின் படுக்கையறையில் துப்புக் கிடைத்துவிட்டால் மிராசுகளின் சங்கமும் சேரியின் கூலியும் வெறும் பின்னணித் திரையாகிவிடும்.

வெண்மணி வழக்கின் தீர்ப்பும் ஒரு பிரதிதான். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 'நம்பும்படி இல்லை' என்பது சட்டத்தின் குரலா, கதை விமர்சகனின் குரலா? பாத்திரப் படைப்பு பொருந்தவில்லை என்று ஒரு கதையைத் தள்ளுவது மாதிரி 44 சாவுகள் தள்ளப்பட்டன. பணக்காரப் பாத்திரம் இப்படிச் செய்யாது என்ற எதிர்பார்ப்பை அந்த நாற்காலிக்கு யார் கற்றுக்கொடுத்தது? நாம் வாசிக்கிற, எழுதுகிற கதைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

'வெக்கை' 1982இல் வந்தது. யார் கொன்றது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பதினைந்து வயசுச் சிதம்பரம். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் நினைத்தான், உயிரே போய்விட்டது. ஏன் என்பது ஊருக்கே தெரியும். மர்மம் போனபின் நாவலில் என்ன மிச்சம்? எட்டு நாள். எந்தக் கிணற்றில் தண்ணீர், எங்கே பொங்குவது, எந்தப் புதரில் படுப்பது, அம்மாவும் தங்கச்சியும் எங்கே இருக்கிறார்கள். அப்பனும் மகனும் செத்துப்போன மூத்தவனைப் பற்றிப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். போலீஸ் இவர்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இங்கே ஒரு துக்கம் விசாரிப்பு நடக்கிறது. சாதியின் பெயரை பூமணி எழுதவில்லை. இது நழுவல் என்று சில தோழர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரைச் சொல்லி முகவரி எழுதுவது முதல் தகவல் அறிக்கையின் வேலை. காட்டுக்குள் நடக்கிற இரண்டு பேருக்குத் தங்கள் சாதியைத் தங்களுக்கே சொல்லிக்கொள்ளத் தேவை இல்லை. முடிவில் அவர்கள் கோர்ட்டை நோக்கி நடக்கிறார்கள். அங்கே இந்தப் பேச்சு எந்த மொழியில் பதிவாகும் என்ற பயத்தோடு நாம் புத்தகத்தை மூடுகிறோம்.

'செல்லாத பணம்' (2018) இன்னும் சிக்கலானது. இன்ஜினியரிங் படித்து, ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் காதலித்துக் கட்டிக்கொண்ட ரேவதி தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். தானே வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா? துப்பறியும் நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இமையம் அந்தப் பாதையில் போகவே இல்லை. வராண்டாவில் உறவுகள் பேசிக்கொண்டே இருக்கின்றன. அப்பா நடேசன் பணத்தோடு நிற்கிறார். அது அங்கே செல்லவில்லை. ரவிக்கும் பேச இடம் கிடைக்கிறது, அது பலருக்கு எரிச்சலாக இருக்கும். பேச்சு சில இடங்களில் வளவளவென்று நீள்கிறது என்பதும் உண்மை. என் புகார் வேறு. எல்லாரும் ரேவதியைப் பற்றிப் பேசுகிறார்கள், ரேவதி பேசுவது சொற்பம். துக்கம் விசாரிக்கிறதிலும் ஒரு அதிகாரம் இருக்கிறது. செத்த பெண்ணின் வாழ்க்கையை உறவுக்காரர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொள்கிற அதிகாரம். அதை இந்த நாவல் காட்டுகிறதா, தானும் அதில் விழுந்துவிடுகிறதா? இரண்டும் என்றே சொல்வேன். ஆனாலும் வழக்கை முடித்துக் கொடுக்க மறுத்த அந்தப் பிடிவாதத்துக்காக இதை எல்லாருக்கும் கொடுப்பேன்.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. நம்மில் பலர் உண்மை அறியும் குழுக்களில் போகிறவர்கள், அறிக்கை எழுதுகிறவர்கள். கொலை நடந்த ஊரில் நாம் முதலில் கேட்பது என்ன? காதலா, கடனா, குடியா, முன்விரோதமா? நோக்கம் கிடைத்த உடனே குற்றம் ஒரு ஆள் மேல் போய் விழும், ஊர் தப்பித்துக்கொள்ளும். செத்தவருக்கு வயது, சாதி, ஊர் என்று ஒரு வரி. அறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்குக்கு அது வேண்டும். அந்த அறிக்கையை எந்த நாவலின் இலக்கணத்தில் எழுதுகிறோம் என்பதே என் கேள்வி. அடுத்த முறை ஊருக்குள் போகும்போது நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் தரையில் உட்கார முடியுமா?