தருமிக்குக் கிடையாத பொற்கிழி

தென்னிந்தியத் தொலைக்காட்சிகளின் விருது விழாக்களை வன்னியிலும் பலர் விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றில் நகைச்சுவை நடிகர்க்கெனத் தனிப்பரிசு வழங்கப்படுவதுண்டு. அது சிறப்பிப்பதா, ஒதுக்கிவைப்பதா? பின்னதே என்பது என் துணிபு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதற்கண் வைத்தார். அழுகை அதன் பின்னரே வருகின்றது. பரிசளிப்போர் அவ்வரிசையை மாற்றிவிட்டனர்.

நாகேஷ் இதற்குத் தக்க சான்று. 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சி தொலைக்காட்சி நகைச்சுவைத் தொகுப்புகளில் இன்றும் இடம்பெறுகின்றது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அதற்குச் சிரியாத வீடு அரிது. அக்காட்சியின் பொருளே பரிசுதான்: ஆயிரம் பொன்னை நாடும் வறிய புலவன், குற்றங்காணும் நக்கீரன். ஆசையும் அச்சமும் ஒருங்கே தோன்றத் தனித்து நின்று புலம்பும் அவ்வுடலின் நெளிவிலே, சிரிப்புக்கு அடியில் பசி தெரிகின்றது. வெறுங் கோமாளித்தனம் அன்று அது.

நடிகர்க்கான இந்தியத் தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்கியமையால் தருமியை விட்டுவிடலாம். நாகேஷுக்கு அது 1994இன் ‘நம்மவர்’ படத்துக்காக, துணை நடிகர் என்ற வகையிற் கிட்டியது. மகளை இழந்து நிலைகுலையும் தந்தையாக நடித்தமைக்கு. உயர்ந்த நடிப்பே, ஐயமில்லை. ஆனால் 1968இன் ‘எதிர்நீச்சல்’ படத்தில் அவர் மாடிப்படி மாதுவாக, சிரிக்கவைத்தவாறே ஓர் ஏழை மாணவனின் அவலத்தைக் காட்டியபோதும் அவ்விருது இருக்கத்தான் செய்தது. அவ்வாண்டு அது ‘ஆசீர்வாத்’ படத்துக்காக அசோக் குமாரிடம் சென்றது.