பிசியும் திரையும்: கற்பிக்கும் கணினி விளையாட்டுகளும் கார் நிக்கோபாரும்

முன்னுரை

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன் வட்டாட்டத்திலும் சூதாட்டத்திலும் பொருளை இழந்தவன். பொருள் தேடிக் கடல் கடக்கையில் கலம் உடைந்து, நக்கசாரணர் என்னும் நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகிறான். உறங்கிக் கிடக்கும் அவனை உண்ணக் கருதி அவர்கள் எழுப்புகின்றனர். அவர்களது மொழியைப் பிழையறக் கற்றிருந்தமையால் சாதுவன் உயிர் பிழைக்கிறான். அவர்கள் தலைவனோடு அறம் பேசவும் அம்மொழியே அவனுக்கு வழி திறக்கிறது. நக்கசாரணர் வாழ்ந்த இடத்தை, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் மாநக்கவாரத்தோடு, அதாவது இன்றைய நிக்கோபார்த் தீவுகளோடு இணைத்துக் காண்போர் உளர். அவ்வடையாளம் எவ்வாறாயினும், அக்காட்சியில் மொழியறிவு திறவுகோலாக நிற்கிறது. அஃது இல்லையெனின் சாதுவன் கதை அக்கரையிலேயே முடிந்திருக்கும்.

பெருநிறுவனங்களைச் சாராத சிறு குழுக்கள் உருவாக்கும் கணினி விளையாட்டுகளுள் புதிர் வழியாகக் கற்பிக்க முனைவன பல. அவற்றை மதிப்பிடச் சாதுவன் கதை ஓர் அளவுகோலைத் தருகிறது. கற்பிக்கப்படும் பொருள் ஆட்டத்தின் திறவுகோலாக நிற்கிறதா, ஆட்டத்தின் இடையிலோ இறுதியிலோ வழங்கப்படும் பரிசாக நிற்கிறதா என்பதே அவ்வளவுகோலாகும். கனடாவின் டொராண்டோ நகரில் உருவான ‘வெண்பா’ (2023), அலாஸ்காவின் இனுபியாக் மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட ‘நெவர் அலோன்’ (2014) ஆகிய இரு விளையாட்டுகளையும் இவ்வளவுகோலால் ஆராய்ந்து, கார் நிக்கோபார் போன்ற சிறுமொழி நிலத்திற்கு அவை உணர்த்துவது யாது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் புதிரும் கல்வியும்

உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைக்கிறார். செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒரு யாப்பு வகையாக எண்ணுகிறார். உவமையால் பொருளை மறைத்துக் கூறுவதும், ஒன்றைக் கூறி மற்றொன்றைத் துணிய வைப்பதும் எனப் பிசி இருவகைப்படும். இன்றைய விடுகதை இம்மரபின் தொடர்ச்சியாகும். விடுகதையில் மொழியே பூட்டு, மொழியே சாவி. முதலெழுத்தை நீக்கினால் வேறு பொருள் தரும் சொல்லைக் கேட்கும் விடுகதையைத் தமிழ் எழுத்தும் சொல்லும் அறியாத ஒருவரால் எவ்வளவு கூர்மதி இருப்பினும் விடுவிக்க இயலாது.

கணிதத்திற்கும் இந்நெறி பொருந்தும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலேயே அதன் சுளைகளை எண்ணும் வழியைக் கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்பது அது கூறும் வாய்பாடு. பழத்தை அறுத்தபின் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கற்பவரின் ஆவல் பழத்தின்மேல் செல்கிறது. கை பெருக்கலையும் வகுத்தலையும் பழகுகிறது. அவ்விரண்டையும் செய்யாமல் விடை கிடைப்பதில்லை. 2012இல் நார்வே நாட்டில் வெளியான ‘டிராகன்பாக்ஸ்’ என்னும் இயற்கணித விளையாட்டும் இவ்வழியே செல்கிறது. படச்சீட்டுகளை இருபுறமும் சமமாக நீக்கிச் சேர்க்கும் விதியைக் குழந்தைகள் முதலில் பழகுகின்றனர். படங்கள் மெல்ல மெல்ல எண்களாகவும் எழுத்துகளாகவும் மாறுகையில், தாம் விளையாடியது சமன்பாடு என்பது அவர்களுக்குப் புலனாகிறது.

கணக்கதிகாரத்தின் பலாப்பழக் கணக்கு வெண்பா யாப்பில் அமைந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வெண்டளை பிறழாமல் சீர்களைக் கோத்து, ஈற்றடியை முச்சீரால் முடித்து, இறுதிச் சீரை நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக அமைக்கும்போது பாடுபவர் ஒரு புதிரை விடுவிக்கிறார். அசையின் இயல்பை அறியாதவர் அதனை விடுவிக்க இயலாது.

‘வெண்பா’ விளையாட்டு

இப்பெயரைத் தாங்கிய விளையாட்டை டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு 2023 சூலை 31 அன்று வெளியிட்டது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்குப் பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்வை அது சமையல் வழியாகச் சொல்கிறது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் அறிமுக விளையாட்டு விருதையும் அது பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களை உலக அரங்கில் இத்தகைய ஏற்பைப் பெற்றமை தமிழாய்வாளர்களின் கவனத்திற்குரியது.

ஆட்டத்தின் மையப்பொருள் தாய்வழி வந்த சமையற் குறிப்பேடு. அதன் பக்கங்கள் சிதைந்தும் எழுத்துகள் அழிந்தும் உள்ளன. எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு விடுபட்ட படிநிலைகளை ஆடுபவர் உய்த்துணர வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் வேக்காடு சரியாக அமையும் என்பது தொடக்கப் புதிர். புட்டுக் குழலை எவ்வரிசையில் பொருத்துவது, எவ்வரிசையில் நிரப்புவது என்பது பிறிதொன்று. நேர வரையறை இல்லை. தவறினால் மீண்டும் தொடங்கலாம். அடுக்களையில் மகள் தாயிடம் கற்கும் முறையும் இதுவே.

இட்லித் தட்டின் அமைப்பை ஆடுபவருக்கு எவரும் விரிவுரையாகச் சொல்வதில்லை. ஆவி செல்லும் வழியை எண்ணிப் பார்த்தவரே அடுத்த காட்சிக்குச் செல்கிறார். கணக்கதிகாரத்தின் பலாப்பழம் போன்று, இங்குச் சமையலறிவு திறவுகோலாக நிற்கிறது. இவ்விளையாட்டின் வெற்றி இதில்தான் உள்ளது.

மொழியைப் பொறுத்தவரை நிலை வேறு. ‘வெண்பா’வில் தமிழ் எங்கும் நிறைந்துள்ளது. மாந்தர் பெயர்கள் தமிழ். பின்னணிப் பாடல்கள் தமிழ்த் திரையிசையின் பல காலங்களை நினைவூட்டுவன. ஆயினும் ஆங்கிலத்தில் ஆடும் ஒருவர் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அறியாமல் ஆட்டத்தை முடித்துவிடலாம். வளர்ந்த கவின் தாயின் குறிப்பைப் படித்துச் சமைக்க முயலும் பகுதி மட்டுமே இதற்கு ஓரளவு விலக்கு. அங்கு அவனது அரைகுறைத் தமிழே தடையாகி, புதிரின் ஒரு கூறாகிறது. பிசியின் எல்லையை ஆட்டம் தொடும் இடம் அதுவே. எனினும், கவினின் அறியாமையை ஆடுபவர் உணர்கிறாரேயன்றி, அதனைப் போக்கிக்கொள்ளும் கடமை அவருக்கு ஏற்படுவதில்லை. மொழியை இழத்தலின் வலியை ஆட்டம் கற்பிக்கிறது. இழந்த மொழியைக் கற்பிப்பதில்லை.

இதனைக் குறை என்பது பொருந்தாது என்று வாதிடலாம். இரண்டு மணி நேரத்திற்குள் முடியும் ஆட்டம் ஓர் எழுத்துமுறையைக் கற்பிக்க இயலாது. தமிழ் கற்பிப்பது அதன் நோக்கமும் அன்று. இவ்வாதம் ஏற்கத்தக்கதே. தமிழ் பல கோடி மக்களால் பேசப்படும் மொழி. பாடநூல்களும் இதழ்களும் திரைப்படமும் அதனைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே ஒரு விளையாட்டு மொழியைப் பின்னணியாக வைத்துக்கொள்வதால் தமிழுக்கு இழப்பில்லை. அத்தாங்குதல்கள் குறைந்த மொழி ஒன்றிற்கு இவ்வடிவத்தை அப்படியே எடுத்தாளும்போதுதான் இடர் எழுகிறது.

‘நெவர் அலோன்’ தரும் மறுபாடம்

அத்தகைய சிறுமொழி ஒன்றிலிருந்து பிறந்தது ‘நெவர் அலோன்’. அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி மன்றம் தானே ஒரு விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஈ-லைன் மீடியா நிறுவனத்தோடு சேர்ந்து 2014 நவம்பரில் இதனை வெளியிட்டது. நூனா என்னும் சிறுமியும் ஒரு வெண்ணரியும் ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடிச் செல்வது கதை. இனுபியாக் மக்களின் வாய்மொழிக் கதை ஒன்று இதற்கு அடிப்படை. அக்கதையைச் சொல்லி வந்த கதைசொல்லியின் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, முதியோரின் அறிவுரையோடு ஆட்டம் உருவாக்கப்பட்டது. கதையுரை முழுவதும் இனுபியாக் மொழியிலேயே ஒலிக்கிறது.

புயல் வீசும்போது தரையோடு குனிந்து நிற்கவும், காற்றின் போக்கைப் பயன்படுத்தித் தாவவும் நூனா கற்கிறாள். நிலத்தின் அறிவு இங்குத் திறவுகோலாகிறது. மக்களின் வாழ்வியல் பற்றிய குறும்படங்களோ, ஆட்டத்தின் இடையே ஆந்தைகளைக் கண்டடைவோர்க்குப் பரிசாகத் திறக்கின்றன. மொழியும் செவியை நிறைக்கிறது; ஆயினும் திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரி கேட்டுப் புரிந்துகொள்ளும் தேவையை நீக்கிவிடுகிறது. ஆகவே மொழியளவில் ‘வெண்பா’ நின்ற எல்லையிலேயே இதுவும் நிற்கிறது. ஆனால் உரிமையளவில் இது முன்னோடியாகும். கதை எவருடையதோ அவர்களே அதனை ஆட்டமாக்கினர்.

கார் நிக்கோபார்

மேற்கண்ட இரு பாடங்களும் ஒருங்கே பொருந்த வேண்டிய நிலம் கார் நிக்கோபார். ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தீவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 17,841. இங்கு வழங்கும் பூ மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தியும் ஆங்கிலமும் வழங்குகின்றன.

இத்தீவின் கல்வி வரலாற்றில் தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் பகுதியிலிருந்து சென்ற வேதப்பன் சாலமோன் மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவரது நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் மானிடவியல் இதழ் ஒன்றில் அச்சாயின. அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னர் பேராயராகி, புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் தந்தார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். வெளியிலிருந்து வந்த கல்வியைத் தம் மொழிக்குத் திருப்பியவர் அத்தீவின் மைந்தரே என்பது குறிப்பிடத்தக்கது.

அண்மைக் காலத்தில் இரு நிகழ்வுகள் இத்தீவின் வாழ்வை மாற்றின. 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடலோர ஊர்களையும் தென்னந்தோப்புகளையும் அழித்தது. மக்கள் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். தோப்பும் கரையும் மாறும்போது அவற்றோடு பிணைந்த சொற்களும் வழக்கிழக்கும் நிலை உண்டாகிறது. 2020 ஆகத்து 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கடலடி ஒளியிழை வடம் சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைத்தது. அது சென்று சேரும் தீவுகளுள் கார் நிக்கோபாரும் ஒன்று. சாலமோன் சென்ற கடல்வழியில் இன்று பிறமொழி ஆட்டங்கள் நொடிப்பொழுதில் செல்கின்றன. அவற்றோடு பூ மொழியும் குழந்தையின் திரையில் இடம்பெறுமா என்பதே வினா.

இடம்பெறுமாயின் அதன் புதிர் எவ்வாறு அமைதல் வேண்டும்? நிக்கோபார் மக்கள் தேங்காயை இணை இணையாகவும் இருபது இருபதாகவும் எண்ணும் மரபு பழைய பதிவுகளில் காணப்படுகிறது. பாட்டி சொல்லும் எண்ணுப்பெயரைக் கேட்டு, அத்தனை இணைத் தேங்காய்களை ஓடத்தில் ஏற்ற வேண்டும் என ஓர் ஆட்டத்தை அமைத்துக் காணலாம். மொழிபெயர்ப்பு வரி இல்லை. தவறாக ஏற்றினால் ஓடம் சாயும். பாட்டி மீண்டும் சொல்வாள். பலமுறை கேட்ட செவி எண்ணுப்பெயரைப் பிரித்தறியத் தொடங்கும். இருபதை அடியாகக் கொண்ட கணக்கும் உடன் படியும். அவ்வாறே தாழையினப் பழத்தை வேகவைத்து, சதையை வழித்து, நாரை நீக்கி உணவாக்கும் படிநிலைகளை இட்லிப் புதிர்போல் அமைக்கலாம். ஆனால் குறிப்புகள் பூ மொழியில் மட்டுமே ஒலிக்க வேண்டும். அப்போது மொழியே பூட்டும் சாவியும் ஆகும்.

இத்தகைய ஆட்டத்தை வெளியார் தாமே வகுத்து அனுப்புவது முறையன்று. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி இத்தீவிற்குள் செல்லவே இசைவு வேண்டும். நிலத்திற்குப் பொருந்தும் இந்நெறி கதைக்கும் பொருந்தும். எக்கதை பொதுவானது, எது குடும்பத்திற்கோ சடங்கிற்கோ உரியது என்பதைத் துணிய வேண்டியவர்கள் அம்மக்களே. தமிழாய்வாளர் உதவக்கூடிய இடம் வேறு: விடுகதைகளைத் தொகுத்த பட்டறிவையும், மொழிப்புதிரின் இலக்கணத்தையும் அவர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

முடிவுரை

விளையாட்டு வழிக் கல்வி என்னும் பெயரில் வருவன அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. ‘வெண்பா’ சமையலறிவைத் திறவுகோலாக்கியது. தமிழைச் சூழலாக நிறுத்தியது. ‘நெவர் அலோன்’ கதையின் உரிமையை உரியவரிடம் விட்டது. மொழியை மொழிபெயர்ப்பு வரியின் துணையோடு ஒலிக்கச் செய்தது. சிறுமொழி ஒன்றிற்கு இவ்விரண்டின் நற்கூறுகளோடு பிசியின் விதியும் வேண்டும். மொழி தெரியாமல் வெல்லக்கூடிய ஆட்டம் அம்மொழியை வெளியாருக்கு அறிமுகம் செய்யும். அதனைக் குழந்தையின் நாவில் இருத்தாது. சாதுவன் நக்கசாரணரின் மொழியைக் கற்றுச் சென்றான்; அதனால் பேசவும் கேட்கவும் அவனுக்கு இயன்றது. கார் நிக்கோபாரின் கரையை அடையும் எந்த விளையாட்டும் அவ்வாறு அந்நிலத்தின் மொழியைக் கற்றே செல்லுதல் வேண்டும்.