திரையை மீறும் சாளரங்களும் லினக்ஸின் மெய்நிகர் மேசைத்தளங்களும்

திரையை மீறும் சாளரம் என்பது, தான் தோன்றும் கணினித் திரையைவிட அகலத்திலோ உயரத்திலோ பெரிதாக இருக்கும் சாளரம் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய சாளரங்களுக்கு இடம் ஒதுக்குவது சாளர மேலாளர் எனப்படும் மென்பொருளின் பொறுப்பு. தொடக்ககால மேலாளர்களில் சில, மெய்நிகர் மேசைத்தளத்தைத் திரையைவிடப் பெரிய ஒரே பரப்பாக அமைத்ததன் மூலம் இதற்கு விடை கண்டன. பின்னர் வந்தவை மேசைத்தளத்தைச் சாளரங்களின் தொகுதியாக மாற்றியபோது அந்த விடை பெரும்பாலும் கைவிடப்பட்டது. இக்கட்டுரை அந்த மாற்றத்தையும் அதனால் ஏற்பட்ட இழப்பையும் மதிப்பிடுகிறது.

சிக்கலின் இயல்பு

எக்ஸ் சாளர முறைமையில் ஒரு செயலி தன் சாளரத்துக்குத் தேவையான குறைந்தபட்ச அளவை மேலாளருக்குக் குறிப்பாகத் தெரிவிக்கலாம். அந்த அளவு திரைக்குள் அடங்குமா என்பதைச் செயலி எப்போதும் சரிபார்ப்பதில்லை. பெரிய திரையில் எழுதிச் சோதிக்கப்பட்ட அமைப்புப் பெட்டி சிறிய திரையில் திறக்கும்போது, அதன் கீழ்ப்பகுதியில் உள்ள "சரி", "ரத்து" பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. பயனர் மாற்றங்களைச் செய்யலாம், ஆனால் அவற்றை உறுதிசெய்ய முடியாது.

2007 இல் வெளிவந்த ஆசுஸ் ஈ பிசி 701 மடிக்கணினி இச்சிக்கலைப் பரவலாக வெளிக்கொணர்ந்தது. லினக்ஸுடன் விற்கப்பட்ட அக்கருவியின் திரை 800×480 படப்புள்ளிகள் மட்டுமே கொண்டது. 1024×768 திரையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பெட்டிகள் அதில் அடங்கவில்லை. இன்று திரைகள் பெரிதாகிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர் எழுத்துருவைப் பெரிதாக்கினால், எழுத்தோடு சேர்ந்து பெட்டியும் வளர்கிறது. இடைமுகத்தை மொழிபெயர்க்கும்போதும் இதுவே நிகழலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக உள்ள விசைப்பெயர் தமிழில் இரண்டு மூன்று சொற்களாக நீளும்போது பெட்டியின் அகலமும் கூடுகிறது. ஆகவே இதைப் பழைய கருவிகளின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

அறையும் பரப்பும்

மெய்நிகர் மேசைத்தளம் என்ற கருத்துக்கு இரு வேறு மரபுகள் உண்டு. முதலாவது அறை மரபு. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் உருவாக்கி 1986 இல் விவரித்த "ரூம்ஸ்" அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு பணிக்கும் தனி அறை. ஒரே சாளரம் பல அறைகளில், வெவ்வேறு இடங்களில் தோன்றலாம். ஆனால் அறைகளுக்கிடையே இடத்தொடர்ச்சி கிடையாது. ஒரு சாளரத்தின் பாதி இந்த அறையிலும் மீதி அடுத்த அறையிலும் இருப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இரண்டாவது பரப்பு மரபு. இதில் மேசைத்தளம் திரையைப் போலப் பல மடங்கு பெரியது. திரை அதன்மீது நகரும் ஒரு பார்வைச் சட்டம் மட்டுமே. 1993 இல் ராபர்ட் நேஷன் தொடங்கிய எஃப்விடபிள்யூஎம் மேலாளர் இம்மரபைப் பரவலாக்கியது. அதில் மேசைத்தளங்கள் தனித்தனியானவை. ஆனால் ஒவ்வொரு மேசைத்தளமும் பல பக்கங்களாக விரியும். 1024×768 திரையில் 3×3 பக்கங்களை அமைத்தால் 3072×2304 படப்புள்ளிகள் கொண்ட தொடர்ச்சியான பரப்பு கிடைக்கும். திரைக்குக் கீழே நீளும் பெட்டியின் மறுபாதி அடுத்த பக்கத்தில் இருக்கும். சுட்டியைத் திரையின் விளிம்புக்குக் கொண்டுசென்றால் பார்வை அங்கே நகரும். ஒரு முழுப் பக்கத்துக்குப் பதிலாக அதன் ஒரு விழுக்காடு மட்டும் நகரும்படியும் அமைக்கலாம். பக்கங்காட்டியின் சிறு வரைபடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, பக்க எல்லைகளைப் பொருட்படுத்தாமல் பார்வையை நகர்த்தலாம்.

இம்மரபுக்கும் குறைகள் உண்டு. எதிர்பாராமல் விளிம்பைத் தொட்டால் பார்வை தாவிவிடும். பரப்பின் மூலையில் விட்டுவந்த சாளரத்தைத் தேட வேண்டியிருக்கும். எனினும் திரையை மீறிய சாளரத்தைச் சென்றடையத் தனிவசதி எதையும் அது கோரவில்லை. பரப்பின் இயல்பே அதற்குப் போதுமானதாக இருந்தது.

பரப்பின் மறைவு

சாளர மேலாளர்களுக்கான பொது விவரக்குறிப்பான ஈடபிள்யூஎம்எச் இரு மரபுகளையும் ஏற்கிறது. மேசைத்தளத்தின் அளவையும் பார்வைச் சட்டத்தின் இடத்தையும் அறிவிக்க அதில் தனிப் பண்புகள் உள்ளன. பெரிய மேசைத்தளத்தை ஆதரிக்காத மேலாளர் முதலாவதைத் திரையின் அளவாகவும் இரண்டாவதைச் சுழியமாகவும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மேலாளர்கள் எளிதான இந்த வழியையே பின்பற்றின.

2003 இல் குனோம் 2.2 பதிப்பின் இயல்பிருப்பு மேலாளராக மெட்டாசிட்டி அமைந்தது இதில் ஒரு திருப்பம். குறைந்த அமைப்புகள், தெளிவான நடத்தை என்பது அதன் கொள்கை. பணியிடங்களை வைத்துக்கொண்ட மெட்டாசிட்டி, பார்வைச் சட்டத்தை விட்டுவிட்டது. தலைப்புப் பட்டை திரைக்கு மேலே போய் மறைந்துவிடாதபடி தடுக்கும் விதியும் அதில் இருந்தது. சாளரம் தொலைந்துபோகாமல் காக்கும் நல்ல விதி அது. ஆனால் திரையைவிட உயரமான பெட்டிக்கு அதே விதி சிறையானது. தலைப்புப் பட்டையைப் பிடித்து மேலே தள்ள முடியாததால் கீழுள்ள பொத்தான்கள் எட்டவில்லை.

ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தின் உட்பகுதியைப் பிடித்து இழுத்தால் அத்தடை விலகும். பிற்கால குனோமிலும் கேடிஈயிலும் சூப்பர் விசை இப்பணியைச் செய்கிறது. வழி இருக்கிறது, ஆனால் திரையில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை. விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோருக்கு ஆல்ட்+எஃப்7 போன்ற குறுக்குவழி தெரிந்திருக்க வேண்டும். சிக்கலில் மாட்டிக்கொண்ட புதிய பயனர் இதைத் தானாகக் கண்டறிவது அரிது.

இடையில் 2006 இல் வந்த காம்பிஸ், பார்வைச் சட்ட முறையைக் கனசதுர வடிவில் மீட்டது. ஒரு சாளரம் கனசதுரத்தின் இரு முகங்களில் படர்ந்திருக்க முடிந்தது. உபுண்டுவின் யூனிட்டி இடைமுகம் அதன்மேல் கட்டப்பட்டது. 2017 இல் உபுண்டு குனோமுக்குத் திரும்பியபோது இந்த வசதியும் அதன் இயல்பிருப்பிலிருந்து நீங்கியது.

டைலிங் மேலாளர்களும் சுருள்பட்டையும்

தரையோடுகளைப் போலச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பும் டைலிங் மேலாளர்கள் வேறொரு விடையைத் தந்தன. 2006 இல் வந்த டிடபிள்யூஎம், 2009 இல் வந்த ஐ3 ஆகியவற்றில் சாளரம் கேட்ட அளவைவிட மேலாளர் ஒதுக்கிய கட்டமே முதன்மை பெறுகிறது. முனையம், உரைத்தொகுப்பி போன்றவற்றுக்கு இது பொருந்தும். சுருங்க மறுக்கும் பெட்டியின் உள்ளடக்கமோ வெட்டுப்படும். சாளரம் திரைக்குள் வந்துவிடுகிறது, பொத்தான் வரவில்லை.

அண்மைக் காலத்தில் பேப்பர்டபிள்யூஎம், நிரி ஆகியவை பரப்பு மரபைப் புதுப்பித்துள்ளன. நிரியில் சாளரங்கள் வலப்புறம் முடிவின்றி நீளும் பட்டையில் அமர்கின்றன. புதிய சாளரம் திறப்பதால் பழைய சாளரம் சுருங்குவதில்லை. திரைக்கு வெளியே இருப்பது பிழையாகக் கருதப்படாமல் இயல்பான நிலையாகிறது. ஆனால் பட்டை கிடைமட்டமாகவே நீள்கிறது, மேலும் கீழும் இருப்பவை தனிப் பணியிடங்கள். உயரத்தில் மீறும் பெட்டிக்குப் பட்டை மட்டும் விடையாகாது. ஈ பிசி பயனர்களை அதிகம் வருத்தியது உயரக் குறைவுதான்.

மதிப்பீடு

சாளரத்தின் அளவைச் சரியாகத் தருவது செயலியின் கடமை என்ற வாதம் நியாயமானதே. உள்ளடக்கத்தை உருட்டிப் பார்க்கும் வசதியைச் செயலி தந்தால் சிக்கலே எழாது. எனினும் எல்லாச் செயலிகளும் திருத்தப்படும்வரை பயனர் காத்திருக்க முடியாது. கைவிடப்பட்ட செயலியைத் திருத்த ஆளும் இல்லை.

வேலாண்டு நெறிமுறையில் மேலாளரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அங்கே செயலி தன் இடத்தை அறியாது, தானே நகரவும் முடியாது. எக்ஸில் பயன்பட்ட வெளிக்கருவிகளும் அங்கே பிற சாளரங்களை அவ்வாறு நகர்த்த இயலாது. இவ்வளவு அளவில் அடங்கு என்று மேலாளர் செயலிக்கு ஆலோசனை கூறலாம். செயலி அதை ஏற்காவிட்டால் மீதிப் பொறுப்பு முழுவதும் மேலாளரையே சாரும்.

ஆகவே சாளர மேலாளர்களை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று போதும்: திறந்துள்ள சாளரத்தின் எந்தப் பகுதியையும், மறைவிசை எதுவும் தெரியாத பயனர் சென்றடைய முடிகிறதா? எஃப்விடபிள்யூஎம் அதன் பழைய தோற்றத்தோடும் கரடுமுரடான அமைப்புக் கோப்புகளோடும் இத்தேர்வில் பெரும்பாலும் தேறுகிறது. அழகிலும் எளிமையிலும் அதை முந்திய இயல்பிருப்பு மேலாளர்கள் பல தேறவில்லை. அவை முழுப் பரப்பையும் மீட்க வேண்டியதில்லை. திரையை மீறும் சாளரம் திறக்கும்போது விளிம்பில் ஓர் உருட்டுப்பட்டையைக் காட்டினாலே, கீழே மறைந்த "சரி" பொத்தான் பயனருக்கு எட்டிவிடும்.