பின்னூட்டத்தில் வளர்ந்த அப்பா

2006 ஜூன் மாதம் யூடியூபில் 'லோன்லிகேர்ள்15' என்ற பெயரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பேச ஆரம்பித்தாள். பெயர் ப்ரீ. கண்டிப்பான பெற்றோர், வீட்டிலேயே படிப்பு, டேனியல் என்றொரு நண்பன். பார்த்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள், புத்தி சொன்னார்கள், பதில் காணொளி போட்டார்கள். ப்ரீயிடமிருந்தும் பதில் வந்தது. செப்டம்பரில் குட்டு உடைந்தது. அவள் ஜெசிகா ரோஸ் என்ற நடிகை. கதையை உருவாக்கியவர்கள் மெஷ் ஃப்ளிண்டர்ஸ், மைல்ஸ் பெக்கெட் முதலியோர். துப்புத் துலக்கியவர்களில் பார்வையாளர்களும் உண்டு.

இதை ஏமாற்றுக் கதையாகச் சொல்லி முடிப்பது வழக்கம். எனக்கு அது போதவில்லை. குட்டு உடைந்த பிறகும் தொடர் 2008 வரை ஓடியது, ஆட்கள் பார்த்தார்கள். பொய் என்று தெரிந்தும் ஏன் பார்த்தார்கள்? ப்ரீயை வளர்த்ததில் தங்களுக்கும் பங்கு இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். அச்சிட்ட சுயசரிதைக்கு வாசகர் கடைசியில்தான் வருகிறார். இங்கே அடுத்த வரி எழுதுவதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இதை நானே அனுபவித்தேன். அப்பா இறந்த மாதம், ரேஷன் கடை வரிசையில் அவர் ஒரு பாட்டிக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததை முகநூலில் எழுதினேன். 'தெய்வம்யா உங்கப்பா' என்று பின்னூட்டங்கள் குவிந்தன. அடுத்த பதிவுக்கும் அதே மாதிரி ஒரு சம்பவத்தைத் தேடினேன். கிடைத்தது. ஐந்து பதிவுகளிலும் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அவருடைய கோபம், சாப்பாட்டுத் தட்டு பறந்தது, பெல்ட் எல்லாம் விட்டுப்போச்சு.

அம்மாவுக்கு அக்கா எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா யாரு இவரு?"

ப்ரீ விஷயத்தில் இல்லாத ஒருத்தியைக் கூட்டாக உண்டாக்கினார்கள். நானும் என் வாசகர்களும் இருந்த ஒருவரைக் கூட்டாகக் குறைத்தோம். எது பெரிய பொய்?

ஆறாவது பதிவில் பெல்ட்டை எழுதினேன். விருப்பக்குறிகள் பத்தைத் தாண்டவில்லை. "செத்தவரைப் பத்தி இப்படியா?" என்றார் ஒருவர். அதற்குக் கீழே, அதுவரை ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத இன்னொருவர்: "எங்க அப்பாவும்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அந்த வரியை வாசித்த பிறகுதான் ஏழாவதை எழுத முடிந்தது. இதுவும் கூட்டு எழுத்துதான்.