சிம் அட்டைச் செயலிகள்: ஒத்தியங்கல் யாருக்காக?

கைப்பேசியில் நாம் செருகும் சிம் அட்டை வெறும் எண் சேமிப்பான் அன்று. அது செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் கொண்ட ஒரு சிறு கணினி. அதற்குள் சிறு நிரல்கள் இயங்குகின்றன. இவை ஆப்லெட் எனப்படும். பல கைப்பேசிகளில் ‘சிம் டூல்கிட்’ என்ற பெயரில் தோன்றும் பட்டியல் இவற்றின் வெளிமுகம். இந்த ஆப்லெட்டுகளை நிறுவுவது, மாற்றுவது, நீக்குவது ஆகிய மூன்றும் தொலைவிலிருந்தே நடக்கின்றன. எந்த நிறுவனம் செய்த அட்டையானாலும் ஒரே ஆப்லெட் ஒரே விதமாக இயங்கவேண்டும் என்பதே இத்துறையில் ஒத்தியங்கல் எனப்படுகிறது. அந்த இலக்கு எந்த அளவு எட்டப்பட்டது, அதனால் பயன் அடைந்தவர் யார் என்பதைப் பார்ப்போம்.

1990களின் நடுப்பகுதி வரை ஒவ்வொரு அட்டை நிறுவனமும் தனக்கெனத் தனி இயங்குதளம் வைத்திருந்தது. இரண்டு நிறுவனங்களிடம் அட்டை வாங்கிய தொலைபேசிச் சேவையாளர் ஒரே பட்டியலை இரண்டு முறை எழுதவைக்க வேண்டியிருந்தது. 1996-இல் ஷ்லும்பெர்ஜே நிறுவனத்தின் அமெரிக்கப் பொறியாளர்கள் சிறு அட்டைக்குள் ஜாவா மொழியை இயக்கிக் காட்டினர். ஜாவா கார்டு பிறந்தது. அதன்மேல் ஜிஎஸ்எம் தரங்கள் எழுந்தன: அட்டை கைப்பேசிக்குக் கட்டளை இடும் முறைக்கு 11.14, தொலைவிலிருந்து வரும் கட்டளைகளின் பாதுகாப்புக்கு 03.48, ஜாவா நிரல் இடைமுகத்துக்கு 03.19. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற உறுதிமொழி காகிதத்தில் முழுமை பெற்றது.

நடைமுறை அப்படி இல்லை. நிரல் ஓடுவது ஒன்று, அதை நிர்வகிப்பது வேறொன்று. ஓர் அட்டையில் மொத்தம் எட்டு நேரங்காட்டிகள்தாம் உண்டு. ஓர் ஆப்லெட்டை நிறுவும்போதே அதற்கு எத்தனை நேரங்காட்டி, எத்தனை பட்டியல் வரி என்று சொல்லிவிட வேண்டும். முதலில் வந்தது எட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டால், பின்னால் வருவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நினைவகத்தை ஒதுக்கும் விதமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஓர் அட்டையில் இடம்பிடித்த ஆப்லெட் இன்னொன்றில் இடமில்லை என்று திரும்பும். அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பான சிம்அலையன்ஸ், தரங்களுக்கு மேலாக ‘ஒத்தியங்கலுக்கான படிக்கற்கள்’ என்ற பொருளில் தனிக் கையேடே வெளியிட நேர்ந்தது. ஒரு தரத்தைப் பயன்படுத்த இன்னொரு வழிகாட்டி தேவைப்படுகிறது என்றால் அந்தத் தரம் பாதியில் நிற்கிறது என்றே பொருள். ஆனாலும் வேறுபாடுகளை மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையைப் பாராட்டலாம். நிரலாளருக்கு உண்மையில் உதவியது அதுதான்.

அனுப்பும் வழியும் குறுகலானது. ஒரு குறுஞ்செய்தி 140 பைட் சுமக்கும். தலைப்பும் பாதுகாப்பு விவரமும் போக மீதி இன்னும் குறைவு. 10 கிலோபைட் ஆப்லெட்டை அனுப்ப ஏறத்தாழ 80, 90 செய்திகள் வேண்டும். நடுவில் கைப்பேசி அணைந்தால் வேலை அரைகுறையாக நிற்கும். எந்த அட்டையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கணக்கைச் சேவையாளர் கோடிக்கணக்கான அட்டைகளுக்கு வைத்திருக்க வேண்டும். தரவு இணைப்பு வழியே அனுப்பும் முறை பின்னர் வந்து இந்தச் சுமையைக் குறைத்தது.

இதைவிடக் கடுமையான குறை பாதுகாப்பில் உள்ளது. ஜெர்மனியின் கார்ஸ்டன் நோல் 2013-இல் காட்டியது இது: தவறான கையொப்பத்தோடு ஒரு கட்டளை அனுப்பினால், சில அட்டைகள் பிழைச் செய்தியைத் தம் சொந்தச் சாவியாலேயே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பின. அந்தச் சாவி பழைய 56 பிட் டெஸ் வகை என்றால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தவர் தம் ஆப்லெட்டை அந்த அட்டையில் நிறுவலாம். 2019-இல் அடாப்டிவ்மொபைல் நிறுவனம் வெளிப்படுத்திய ‘சிம்ஜாக்கர்’ இன்னும் கூர்மையான பாடம். பல நிறுவன அட்டைகளில் ஒரேபோல் இயங்கவேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட எஸ்@டி உலாவியை அது பயன்படுத்தியது. பாதுகாப்பு நிலை எதுவும் கோராமல் அமைக்கப்பட்ட அட்டைகளுக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். இருப்பிடத் தகவல் வெளியேறும், கைப்பேசித் திரையில் ஒன்றும் தெரியாது. அட்டைக்கு அட்டை வேறுபட்டிருந்தால் தாக்குபவர் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டியிருந்திருக்கும். ஒத்தியங்கல் அவருக்கும் அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்தியது.

அதிகாரம் யார் கையில் என்பதற்குக் கென்யா நல்ல எடுத்துக்காட்டு. 2007-இல் சஃபாரிகாம் தொடங்கிய எம்-பெசா பணச்சேவை சிம் பட்டியல் வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. இணையமில்லாத எளிய கைப்பேசியிலும் அது ஓடியது. இந்தத் தொழில்நுட்பத்தின் ஆகச் சிறந்த சாதனை என்று இதையே சொல்வேன். ஆனால் இன்னொரு வங்கி அதே அட்டையில் தன் ஆப்லெட்டை வைக்க முடியாது. சாவி சேவையாளரிடம் இருக்கிறது. 2014-இல் ஈக்விட்டி வங்கி சுற்றுவழி தேடியது. சிம் அட்டையின் மேல் ஒட்டும் மெல்லிய படல அட்டை ஒன்றைத் தைவான் நிறுவனத்திடமிருந்து கொண்டுவந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி சஃபாரிகாம் எதிர்த்தது. ஒழுங்குமுறை ஆணையம் ஓராண்டுச் சோதனைக்கு அனுமதித்தது. பாதுகாப்புக் கவலை பொய்யில்லை: இடையில் அமரும் படலம் கடந்து செல்லும் கட்டளைகளைப் பார்க்கக்கூடியது. ஆயினும் ஒரே அட்டையில் பல நிறுவனங்களின் ஆப்லெட்டுகள் தனித்தனிப் பாதுகாப்பு எல்லைகளில் இருக்க குளோபல்பிளாட்பார்ம் தரம் முன்பே வழிசெய்திருந்தது. தொழில்நுட்பம் திறந்த கதவை வணிகம் சாத்தி வைத்திருந்தது.

நம் ஊரிலும் திரையில் திடீரென்று தோன்றும் செய்திக்குச் ‘சரி’ என்று அழுத்திவிட்டு, கேட்காத சேவைக்குக் காசு இழந்தவர்கள் ஏராளம். கட்டணச் சேவைகளுக்கு இரண்டாம் முறை ஒப்புதல் பெறவேண்டும் என்று 2013-இல் ட்ராய் உத்தரவிட்ட பின்னணி இதுதான்.

இப்போது அட்டையே கைப்பேசிக்குள் பதிந்த இசிம் ஆகிவிட்டது. சேவையாளரைத் தொலைவிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். பயனருக்கு இது மெய்யான ஆதாயம். ஆனால் தன் அட்டையில் எந்தெந்த ஆப்லெட்டுகள் உள்ளன என்று அவர் பார்க்க இன்றும் எளிய வழி இல்லை. அந்தப் பட்டியலைக் கேட்கும் கட்டளை குளோபல்பிளாட்பார்ம் தரத்தில் இருக்கிறது. வழக்கமாக அட்டை அதற்குப் பதில் சொல்வது நிர்வாகச் சாவி வைத்திருப்பவருக்கு மட்டும். பட்டியலை மாற்றும் உரிமையைச் சேவையாளரிடமே விட்டு, படிக்கும் உரிமையை மட்டும் பயனருக்குத் தரலாம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஏதும் தேவையில்லை.